எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் சிறுவர் நூலகத்துக்கு வரும் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கடையில் நாம் அட்டையைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம், எந்த வயதுக்கு என்று போட்டிருப்பதைப் பார்க்கிறோம். உள்ளே இருக்கும் வாக்கியத்தைப் பார்க்கிறவர்கள் குறைவு. வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அந்த வாக்கியம்தான் புத்தகம். அதனால் கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருக்கும்.

புத்தகத்தில் "4 முதல் 6 வயது வரை" என்று போட்டிருக்கிறது. அதை நம்பி வாங்கலாமா?

பெரியவர் வாசிக்கக் கேட்கிற பிள்ளையின் வயதா, தானே வாசிக்கிற பிள்ளையின் வயதா என்று பல புத்தகங்களில் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை ஏழு மலை, ஏழு கடல் தாண்டிப் போகும் கதையைக் கண் கொட்டாமல் கேட்கும். அதே பிள்ளை தானே வாசிக்கும்போது "பூனை பால் குடித்தது" என்பதே நல்ல உழைப்பு.

வீட்டில் இரண்டு வகைப் புத்தகமும் இருக்கட்டும். ஒன்று நீங்கள் வாசித்துக் காட்ட, இன்னொன்று பிள்ளை வாசிக்க. எழுத்துக்கூட்டத் தொடங்கியதும் "இனிமேல் நீயே படி" என்று வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். கதையின் ருசி காது வழியாகத்தான் முதலில் ஏறுகிறது. அந்த ருசி இருந்தால்தான் பிள்ளை எழுத்தோடு மல்லுக்கட்டும்.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் நூல்களை வயதால் பிரிக்காமல், வாசிக்கும் திறனைப் பார்த்து நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் சரியாகப் படுகிறது.

247 எழுத்தையும் முடித்த பிறகுதானே கதைப் புத்தகம் கொடுக்க வேண்டும்?

அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று எல்லாவற்றையும் ஒப்பித்து முடிக்கும்வரை கதையைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தால், இத்தனை எழுத்தும் எதற்கு என்றே பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடும். ங வரிசையில் கதைக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 'ங்' மட்டும்தான்.

அகர வரிசையும் புள்ளி வைத்த எழுத்தும் தெரிந்தாலே படம், பழம், மரம், பட்டம், கல், மண், நகம் எல்லாம் வாசித்துவிடலாம். துணைக்கால் சேர்ந்தால் மாமா, தாத்தா, பால், வால், காகம். இகரமும் ஈகாரமும் வந்துவிட்டால் கிளி, நரி, மீன், பாட்டி எல்லாரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். அப்போதே முதல் புத்தகம் கையில் இருக்கலாம். ஒரு சின்ன உதவி மட்டும் செய்யுங்கள். வந்தது, நின்றது, பறந்தது என்று கதையில் வரும் வினைச்சொல் பலவும் 'து'வில் முடிவதால், அந்த ஓர் எழுத்தை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். பாதி வாக்கியம் அதிலேயே திறந்துகொள்ளும்.

இதற்கு அடுத்துதான் மேடு. உகர, ஊகார வரிசைக்கு ஒரே குறி கிடையாது. கு, சு, து, மு, டு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. பிறகு கொம்பு. "யானை போனது" என்று வாசிக்கும் பிள்ளையின் விரலைக் கவனியுங்கள். இரட்டைக்கொம்பைத் தொட்டு, ப-வைத் தொட்டு, "பே" என்று வாய் திறக்கும். அடுத்துத் துணைக்கால் கண்ணில் படும். விரல் பின்னால் ஓடி வந்து மறுபடி கொம்பைத் தொடும். அப்புறம்தான் "போ". ஒரே எழுத்துக்கு இத்தனை வேலை. ஒரு பக்கத்தில் இப்படி ஏழெட்டு எழுத்து இருந்தால் பிள்ளை சோர்ந்து போவதில் வியப்பில்லை. 'கௌ' இன்னும் மோசம், பார்ப்பதற்கு 'கெள' போலவே இருக்கும். முதல் சில புத்தகங்களில் ஔகாரம் இல்லாமல் இருப்பதே நல்லது.

கடையில் நின்றபடியே ஒரு புத்தகம் எளிதா, கடினமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் பக்கத்தை விட்டுவிட்டு நடுப்பக்கத்தைத் திறங்கள். முதல் பக்கம் எல்லாப் புத்தகத்திலும் கொஞ்சம் எளிதாகவே இருக்கும். நடுப்பக்கத்தில் இருக்கும் மிக நீளமான சொல்லைத் தேடி, அதில் எத்தனை எழுத்து என்று எண்ணுங்கள்.

"மழை வந்தது. தவளை குதித்தது. என் குடை எங்கே?" இது முதல் நிலை. எந்தச் சொல்லும் ஐந்து எழுத்தைத் தாண்டவில்லை. இதையே "மழை பெய்துகொண்டிருந்ததால் தவளை தன் குடையைத் தேடிச் சென்றுகொண்டிருந்தது" என்று எழுதினாலும் பக்கத்தில் இருப்பது ஏழே சொல்தான். ஆனால் "சென்றுகொண்டிருந்தது" என்பதில் மட்டும் பத்து எழுத்து. பிள்ளை "றுகொ" வரை வருவதற்குள் "செ" மறந்திருக்கும். தமிழில் சொல்லோடு சொல் ஒட்டிக்கொண்டே போவதால், "ஒரு பக்கத்துக்கு இத்தனை சொல்" என்ற கணக்கு மட்டும் நமக்கு உதவாது. இங்கே எழுத்தைத்தான் எண்ண வேண்டும். தொடக்கத்தில் ஐந்தாறு எழுத்துக்கு மேல் போகும் சொல் பக்கத்துக்கு ஒன்று இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது, திரும்ப வரும் சொற்கள். "குடை இங்கே இல்லை" என்று ஒரு பக்கத்தில் வந்தது, அடுத்தடுத்த பக்கங்களிலும் வந்தால், மூன்றாம் முறை பிள்ளை அதை எழுத்துக்கூட்டாமல் ஒரே பார்வையில் வாசிக்கும். வாசிப்பு என்பது அந்த நொடியில்தான் பிறக்கிறது. பெரியவர்களுக்கு அலுப்பாகத் தெரிகிறது என்பதற்காக அப்படிப்பட்ட புத்தகத்தை வைத்துவிட்டு வராதீர்கள்.

கிரந்த எழுத்து பற்றியும் சிலர் கேட்கிறார்கள். பஸ், ரோஜா போலப் பிள்ளைக்குப் பழகிய சொல்லில் ஒன்றிரண்டு வருவதில் தவறில்லை. பக்கம் முழுக்க ஜ, ஷ, ஹ இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அச்சில் என்ன பார்க்க வேண்டும்?

எழுத்து பெரிதாக இருக்கிறதா என்பதை எல்லாரும் பார்க்கிறோம். அதைவிட முக்கியமானவை சில இருக்கின்றன.

வரி முடியும் இடத்தில் சொல் உடைகிறதா பாருங்கள். தமிழ் அச்சில் "வந்திருந்" என்று ஒரு வரியிலும் "தது" என்று அடுத்த வரியிலும் எந்தக் குறியும் இல்லாமல் உடைத்துப் போடும் பழக்கம் உண்டு. நமக்கு அது கண்ணிலேயே படாது. பிள்ளைக்கோ அது அர்த்தமில்லாத இரண்டு சொல். சிறுவர் புத்தகத்தில் இப்படி ஓரிடத்தில் உடைந்திருந்தாலும் நான் கீழே வைத்துவிடுவேன், கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

ர-வுக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரிகிறதா என்பது அடுத்தது. சில எழுத்துருக்களில், புள்ளியோ மேல் வளைவோ சேரும்போது ர-வின் கீழ்க்கோடு காணாமல் போய், 'ர்', 'ரி' இரண்டும் துணைக்கால் போலவே நிற்கும். கீழ்க்கோடு தெளிவாக உள்ள அச்சைத் தேர்ந்தெடுங்கள். கொக்கி, சுழி என்று அலங்காரம் செய்த எழுத்தும் வேண்டாம். தலைப்பில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், உள்ளே கூடாது.

படத்தின் மேலேயே எழுத்தை அச்சடித்திருந்தால், பச்சைப் புல்லின் மேல் கறுப்பு எழுத்து என்றால், விட்டுவிடுங்கள். வெறும் வெள்ளை இடத்தில் எழுத்து இருப்பதே கண்ணுக்குச் சுகம்.

தாத்தா பாட்டி சேர்த்து வைத்த பழைய சிறுவர் புத்தகங்களை எடுத்துக் கொடுக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது 1978இல். அதற்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, லை, ளை, ணை, னை எல்லாம் வேறு வடிவத்தில் இருக்கும். பள்ளியில் பார்க்காத வடிவம் என்பதால் பிள்ளை தடுமாறும். அந்தப் புத்தகங்களை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அருமையான கதைகள் பல அவற்றில் கிடக்கின்றன.

பேச்சுத்தமிழில் இருக்கும் புத்தகம் நல்லதா, எழுத்துத்தமிழா?

வீட்டில் "நாய் வந்துச்சு" என்று பேசும் பிள்ளை, புத்தகத்தில் "நாய் வந்தது" என்று பார்க்கிறது. புதிதாக வாசிக்கிறவர்கள் சொல்லை ஊகித்துத்தான் முன்னேறுகிறார்கள். ஊகம் வீட்டுப் பேச்சிலிருந்து வருகிறது, அச்சில் வேறொன்று இருக்கிறது. அதனால் சிலர் முழுவதும் பேச்சுமொழியிலேயே புத்தகம் வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேச்சு ஊருக்கு ஊர் மாறும். நெல்லைப் பிள்ளைக்கும் கோவைப் பிள்ளைக்கும் ஒரே பேச்சு நடை பொருந்தாது. அது போக, "வந்துச்சு" என்று எழுதினால் வாசிக்க எளிதாகிவிடுவதும் இல்லை. கதை எளிய எழுத்துத்தமிழிலும், பாத்திரங்கள் பேசுவது பேச்சுத்தமிழிலும் இருந்தால் போதும்.

தினமும் வாசித்துக் கேட்கும் பிள்ளைக்கு "வந்தது, சொன்னது, போயிற்று" எல்லாம் காதுக்குப் பழகிவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கலே வருவதில்லை. பிள்ளை "வந்தது" என்று இருப்பதை "வந்துச்சு" என்று வாசித்தால் திட்டாதீர்கள். பொருள் புரிந்துதான் அப்படி வாசிக்கிறது.

படத்தைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடுகிறான். எழுத்தைப் பார்ப்பதே இல்லை. படம் குறைவான புத்தகம் வாங்கலாமா?

வேண்டாம். படம் பிள்ளைக்குத் துணை. வேறு மாதிரி படம் உள்ள புத்தகம் வாங்குங்கள். எழுத்தில் "பூனை கட்டில் மேல் ஏறியது" என்று இருந்து, படத்திலும் பூனை கட்டில் மேல் இருந்தால் எழுத்துக்கு வேலை இல்லை. எழுத்தில் "யார் அங்கே?" என்று இருந்து, படத்தில் கட்டிலுக்கு அடியில் ஒரு வால் மட்டும் தெரிந்தால் பிள்ளை இரண்டையும் பார்க்கும்.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கிறாள். மனப்பாடமே ஆகிவிட்டது. இது வாசிப்பா?

வாசிப்புதான், விட்டுவிடுங்கள். மனப்பாடமான வரியின் மேல் விரல் ஓடும்போது, வாய் சொல்லும் ஒலியும் கண் பார்க்கும் வடிவமும் தாமாகவே ஒன்றோடொன்று சேர்கின்றன. எதுகையோடு வரும் சின்னச் சின்னப் பாட்டுப் புத்தகங்கள் தொடக்கத்துக்கு அவ்வளவு பொருத்தமாக இருப்பதும் இதனால்தான். அடுத்த வரி எப்படி முடியும் என்று காதுக்குத் தெரியும், கண் அதைச் சரிபார்த்துக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு சொல்லைக் காட்டிக் கேளுங்கள். சொல்லிவிட்டால் கவலை இல்லை. சொல்லாவிட்டாலும் கவலை இல்லை, இன்னும் பத்து நாள் அந்தப் புத்தகம் அவளோடு இருக்கட்டும்.

நல்ல கருத்துள்ள நீதிக்கதைகளாகப் பார்த்து வாங்குகிறோம். சரிதானே?

பிள்ளை நல்ல பிள்ளையாக வளர வேண்டும் என்று நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு நீதிக்கதை பெரும்பாலும் கடினமான புத்தகம். நேர்மை, ஒற்றுமை, பேராசை, பெருநஷ்டம் என்று கையால் தொட முடியாத சொற்களாக வரும். "இக்கதையால் நாம் அறியும் நீதி" என்ற கடைசிப் பத்திதான் பல புத்தகங்களில் மிகக் கடினமான பத்தி. அரை மணி நேரம் உழைத்து வாசித்த பிள்ளைக்குப் பரிசாக அறிவுரை கிடைத்தால் அடுத்த புத்தகத்தைத் தொட மனம் வருமா?

சிரிக்க வைக்கும் புத்தகம் வாங்குங்கள். தொலைந்த செருப்பு, சாம்பாரில் விழுந்த பல்லி, குளிக்க மாட்டேன் என்று ஓடும் எருமை. பிள்ளை கடைசிப் பக்கம் வரை போய்ச் சிரித்துவிட்டு "இன்னொரு தடவை" என்று சொன்னால் அந்தப் புத்தகம் தன் வேலையைச் செய்துவிட்டது. எல்லாப் பிள்ளைக்கும் கதை பிடிக்கும் என்றும் இல்லை. எறும்பு, லாரி, நிலா, இட்லி எப்படி வேகிறது என்று உண்மைச் செய்தி சொல்லும் புத்தகத்தை மட்டுமே எடுக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு.

ஆங்கில வழியில் படிக்கிறான். தமிழ், ஆங்கிலம் இரண்டும் உள்ள இருமொழிப் புத்தகம் உதவுமா?

வாசித்துக் காட்ட உதவும். தானே வாசிக்கும்போது பிள்ளை எது எளிதோ அந்த வரிக்குத்தான் போகும், ஆங்கிலம் முன்னால் இருந்தால் தமிழ் வரி படம் போல ஆகிவிடும். இருமொழிப் புத்தகம் இருந்தால் ஆங்கில வரியின் மேல் ஒரு காகிதப் பட்டையை வைத்து மறைத்துவிடுங்கள். தமிழுக்குத் தனிப் புத்தகமும் கொஞ்சம் இருக்கட்டும். ஆங்கிலத்தில் சரளமாக வாசிக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தமிழில் முதல் நிலைப் புத்தகம் கொடுப்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

நாங்கள் இலங்கைத் தமிழர், இப்போது கனடாவில் இருக்கிறோம். சென்னைப் புத்தகங்கள் பொருந்துமா?

எழுத்து ஒன்றுதான் என்பதால் பொருந்தும். சொற்களில்தான் கொஞ்சம் இடறும். உங்கள் வீட்டில் கதிரை, சப்பாத்து, தோடம்பழம் என்று இருப்பது சென்னைப் புத்தகத்தில் நாற்காலி, செருப்பு அல்லது ஷூ, ஆரஞ்சு என்று வரும். வாசிக்கும் முன் படத்தைக் காட்டி "இதை இவங்க இப்படிச் சொல்லுவினம்" என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் எளிதாகப் பிடித்துக்கொள்வார்கள். நீங்களே நாலு பக்கம் கையால் எழுதித் தைத்துக் கொடுக்கிற புத்தகம் இன்னும் நல்லது. அம்மம்மா வீட்டுக் கதிரையில் பூனை தூங்கிய கதையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

எங்கே கிடைக்கும்? விலை கட்டுப்படியாக வேண்டும்.

சென்னையின் துளிகா பதிப்பகம், பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் பிரிவான புக்ஸ் ஃபார் சில்ரன், பிரதம் புக்ஸ், 1957இல் மத்திய அரசு தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட் ஆகியவற்றின் பட்டியலில் இருந்து தொடங்கலாம். கடைசி இரண்டிலும் விலை குறைவு. துளிகாவில் படங்கள் அருமையாக இருக்கும், விலை சற்றுக் கூடுதல். சென்னைப் புத்தகக் காட்சிக்கோ உங்கள் மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கோ போகும்போது பிள்ளையையும் கூட்டிப்போங்கள், கூட்டம் குறைவான வேலைநாள் பகலில்.

பணமே செலவழிக்காமல் வேண்டும் என்றால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. தமிழில் ஏராளமான படக்கதைகள் உண்டு. இறக்கி, அச்செடுத்துத் தைத்துக்கொள்ளலாம், அதற்கு அனுமதி உண்டு. கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள், முதல் நிலை என்றால் 250 சொல்லுக்குள். ஒரு எச்சரிக்கை: பல கதைகள் வேறு மொழியிலிருந்து வந்தவை. அங்கே சின்னச் சொல்லாக இருந்தது தமிழில் பத்தெழுத்துச் சொல்லாகியிருக்கும். முதல் நிலை என்ற அடையாளத்தை மட்டும் பார்க்காமல், மேலே சொன்ன நடுப்பக்கச் சோதனையைச் செய்து பாருங்கள்.

நூலகத்தை மறக்க வேண்டாம். சென்னை கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சிறுவர் அலமாரி பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்கிறவர்கள் இருந்தால்தான் திறந்திருக்கும்.

வாங்கிய புத்தகம் கடினமாக இருக்கிறது என்பது எப்போது தெரியும்?

ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு சொல்லில் நின்று, தானே சரிசெய்துகொண்டு போனால் சரியான புத்தகம். வாக்கியத்துக்கு ஒரு சொல்லில் நின்று உங்கள் முகத்தைப் பார்த்தால் கடினம். அப்போது புத்தகத்தைப் பிடுங்கி மேலே வைக்காதீர்கள். அதை நீங்கள் வாசியுங்கள், திரும்ப வரும் வரியை மட்டும் பிள்ளை வாசிக்கட்டும். தடங்கலே இல்லாமல் வாசித்துவிட்டு என்ன நடந்தது என்று சொல்லத் தெரியாவிட்டால் அதுவும் கடினமான புத்தகம்தான்.

எட்டு வயதாகிறது, இன்னும் எழுத்துக்கூட்டியே வாசிக்கிறான். குட்டிப் பிள்ளைப் புத்தகம் கொடுத்தால் வெட்கப்படுகிறான்.

வெட்கப்படுவது நியாயம். வாக்கியம் எளிதாக இருக்கட்டும், விஷயம் அவன் வயதுக்கு இருக்கட்டும். கிரிக்கெட், பாம்பு, ரயில், துப்பறியும் கதை, படக்கதை எதுவானாலும் சரி. ஒரு படக்கதைக் கட்டத்துக்குள் நாலே சொல் இருந்தாலும் அது வாசிப்புதான். அட்டையில் "தொடக்க நிலை" என்று பெரிதாகப் போட்டிருந்தால் உறை போட்டுக் கொடுங்கள்.

இதோடு கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள், காதும். இரண்டும் சரியாக இருந்து, வீட்டிலும் பள்ளியிலும் தொடர்ந்து உதவியும் முன்னேற்றம் இல்லை என்றால் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவரிடம் கூட்டிப்போங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்கென்றே இயங்குகிறது. "சோம்பேறி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சின்னவள் புத்தகத்தைக் கிழித்துவிடுகிறாள். கெட்டி அட்டைப் புத்தகம் மட்டும் கொடுக்கலாமா?

மூன்று வயது வரை சரி. கெட்டி அட்டையில் பெரும்பாலும் பெயர்களும் படங்களும்தான் வரும், கதை குறைவு. வாசிக்கும் வயது வந்ததும் தாள் புத்தகத்துக்கு மாறிவிடுங்கள். புதிதாக வாங்கியதும் நடுவில் உள்ள பின் ஊசிகளின் மேல் ஒரு டேப் ஒட்டி, முதுகிலும் ஒன்று ஒட்டிவிட்டால் இரண்டு பிள்ளைகள் வரை தாங்கும். கிழிந்ததை அவள் பக்கத்தில் உட்கார வைத்தே ஒட்டுங்கள். ஒட்டிய புத்தகத்தை அலமாரி உச்சியில் வைக்காமல், அவள் கைக்கு எட்டும் தட்டிலேயே வையுங்கள்.